சித்தப்பன் அறைக்கு ஒரு தனி லைன்

வேலந்தாவளத்தில் ரோட்டுக்குக் குறுக்கே தடுப்பு வைத்து, கோயமுத்தூர் போகிறவனை இந்தப் பக்கமும் அங்கிருந்து வருகிறவனை அந்தப் பக்கமும் நிறுத்தினார்களே, அந்த வருஷம். முதலமடையில் மாங்காய் ஏற்ற லாரி வராமல் மரத்திலேயே பழுத்து உதிர்ந்து, தோப்புக்குள் நடந்தால் உள்ளங்காலில் சாறு ஒட்டின வருஷம். நம் செவலைப் பசு கன்று போட்டு, வாங்க ஆளில்லாத பாலை உன் அம்மா உறை குத்தித் தெருவெல்லாம் மோராகக் கொடுத்த வருஷம். வருஷத்துக்கு நம்பர் போட்டுச் சொல்ல எனக்கு வராது கண்ணு. அந்த வருஷம் வேறென்ன நடந்தது என்பதை வைத்துத்தான் எனக்கு எல்லாமே ஞாபகம். நீ இரண்டு நாள் லீவில் வந்து, வழி அடைபட்டு, இங்கேயே நின்றுபோனாய். அப்போது நடந்த ஒரு மத்தியானத்தைப் பற்றித்தான் இது.

போன வாரம் நீ போனில் பேசினாய். "அப்பா, அடுத்த மாசம் துபாய் கெளம்பறனுங். அந்தப் பாட்டுச் செட்டை யாருக்காச்சும் குடுத்துருங்க, சும்மா கெடந்து துருப்பிடிக்கும்" என்றாய். நான் சரி என்றேன். போனைக் காதில் வைத்தால் சரி என்பதற்கு மேல் எனக்கு வாயில் எதுவும் வருவதில்லை, அது உனக்கே தெரியும். வைத்த பிறகுதான் பேச வேண்டியதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. அதனால் இப்போது நான் சொல்லச் சொல்ல, வயர்மேன் சுல்தானின் மகள் ஜமீலா எழுதுகிறாள். "பெரியப்பா, சித்தே மெதுவாச் சொல்லுங்க, கை வலிக்குது" என்கிறாள். அதையும் எழுதிக்கொள் என்றேன். செட்டை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்பதைச் சொல்லி முடிக்க நேரமாகும். பொறுமையாகப் படி.

உன் சித்தப்பன் பழனிச்சாமி, முதலமடையில் குத்தகைக்கு எடுத்த தோப்பில் மரத்திலிருந்து விழுந்தது அதற்கு முந்தின மாங்காய்க் காலம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. உன் சித்தி அதற்கு வெகு நாள் முன்பே பிள்ளை இல்லாமல் போய்ச் சேர்ந்திருந்தாள். வாசலுக்கு அக்கட்டாலே, எதிர்ப்பக்கம் இருந்த அந்த அறையில் கட்டிலைப் போட்டுப் படுத்தவனுக்கு, காலில் போனதெல்லாம் காதில் வந்து சேர்ந்தது போலிருந்தது. படுத்தபடியே கூப்பிடுவான். "ஏனுங்ண்ணா, மேக்காலத் தோட்டத்து மோட்டர் தண்ணியில்லாம ஓடுது, போய் நிறுத்தச் சொல்லுங்க" என்பான். போய்ப் பார்த்தால் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கும். நீ உக்கடத்தில் பழைய சாமான் கடையில் வாங்கி, நீயே பிரித்துப் பூட்டின அந்தச் செட்டை, பெரிய ஸ்பீக்கர் பெட்டி இரண்டையும் சேர்த்து அவன் கட்டில் பக்கமாக வைத்தாய். எனக்கு அது பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் என்னை யாரும் உள்ளே கூப்பிடவும் இல்லை. ஒரு தடவை நிலைப்படியில் நின்று எட்டிப் பார்த்தேன். சித்தப்பன் உன்னிடம், "உங்கப்பனை விடு சாமி. எங்கண்ணன் காது கடுக்கன் போடறதுக்கு மட்டுந்தான்" என்றான். நீ சிரித்தாய். அவன் சின்ன வயதிலிருந்தே என்னை அப்படிக் கிண்டல் பண்ணுகிறவன்தான். உன் சிரிப்புதான் எனக்குப் பழகாததாக இருந்தது. என்னோடு உட்கார்ந்து நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வழி அடைபட்டுப் போன அந்த மாசங்களில் காலையும் மாலையும் நீங்கள் இருவரும் அந்த அறையில்தான். பாட்டைவிட, பாட்டுக்குப் பின்னால் கேட்கிற ஓர் இரைச்சலைப் பற்றித்தான் உங்கள் பேச்செல்லாம். வண்டு ஒன்று அறைக்குள் மாட்டிக்கொண்டது போல ஓயாமல் ஙொய் என்று இருக்கிறது என்பான் சித்தப்பன். பிரிட்ஜ் நின்று ஓடும்போதெல்லாம் பெட்டிக்குள் டொப் என்று ஒரு குத்து விழும் என்பாய் நீ. உன் அம்மா தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டரைப் போட்டால் அவன் கட்டிலிலிருந்தே, "அண்ணி, பாடறவனுக்கு மூச்சு முட்டுது, பாட்டு முடியட்டுமுங்க" என்று சத்தம் போடுவான். அவளும், "பாடறவன் வந்து கொடத்துல தண்ணி சேந்திக் குடுப்பானுங்களா" என்று அடுப்படியிலிருந்து கேட்பாள். ஆனாலும் நிறுத்திவிடுவாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது நீ கேட்டாய். எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. "அப்பா, மீட்டர் பொட்டில இருந்து நேரா சித்தப்பன் ரூமுக்குத் தனியா ஒரு லைன் இழுத்துக்கறனுங். செலவு என்னோடதுங். வேற எதுவும் அதுல மாட்டக்கூடாது. கூடவே தனியா எர்த்தும் அடிச்சிட்டா அந்த எரைச்சல் நின்னுரும். அவருக்கு வேற என்னங் இருக்குது, அது ஒண்ணுதான" என்றாய். நான் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே, பார்க்கலாம் என்றேன். மறுநாள் சுல்தானைக் கூட்டிவந்து சொல்ல வைத்தாய். அவன் என் தொழிலில் வைத்துத்தான் சொன்னான். "ஒரே வாய்க்காலுங் அண்ணா. முன்னால மோட்டர் மடை தொறக்குது, அப்பறம் பிரிட்ஜு, கிரைண்டரு, டியூப்லைட்டு. கடைசி வயலுக்கு வந்து சேர்றப்போ தண்ணி கொறஞ்சு, கலங்கி, சருகெல்லாம் இழுத்துட்டுத்தான வரும்? தம்பி செட்டு அந்தக் கடைமடையில கெடக்குதுங்" என்றான். கடைமடை வயலில் நாற்பது வருஷம் நின்றவன் நான். புரியவில்லை என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. புரிந்தது. புரிந்தும்தான் வேண்டாம் என்றேன்.

ஏன் என்று நான் அன்றைக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நம் பக்கத்தில் பாகம் பிரிகிற வீட்டில் முதலில் சுவர் வராது. வயர்தான் வரும். கிழக்காலத் தோட்டத்து அண்ணன் தம்பியை உனக்குத் தெரியும். தம்பி பொண்டாட்டி தன் பக்கத்து மிக்சி சரியாக ஓடவில்லை என்று ஒரு தனி லைன் கேட்டாள். அடுத்த தைக்குள் அடுப்பு இரண்டானது. ஆடிக்குள் வாசல் நடுவே ஹாலோபிளாக் சுவர் எழும்பிவிட்டது. ஒறம்பரைகள், சொந்தக்காரர்கள், கல்யாணத்துக்கு அழைக்க வந்தால், படி ஏறுவதற்கு முன்னால் ஓரக்கண்ணால் மீட்டர் பெட்டியைத்தான் பார்ப்பார்கள். ஒரு வயர் போனால் ஒரு வெற்றிலை பாக்கு. இரண்டு வயர் போனால் இரண்டு. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, தட்டில் எடுத்து வைக்கும்போது தெரியும். எங்கள் ஐயன், உன் தாத்தன், செத்தது முதல் நானும் பழனிச்சாமியும் ஒரே தட்டில்தான் வாங்கியிருக்கிறோம். அவன் விழுந்து படுத்த பிறகு அவனுக்குத் தனி லைன் போகிறது என்றால், படுத்தவனை ஒதுக்கி வைத்துவிட்டேன் என்று ஊர் சொல்லும். அல்லது, படுத்தவன் தன் பங்கைத் தனியாக எடுத்து உன் பேருக்கு எழுதப் பார்க்கிறான் என்று சொல்லும். இரண்டில் எதைச் சொன்னாலும் தலைகுனிவு எனக்குத்தான் என்று நினைத்தேன். அந்த வருஷம் கல்யாணமே நடக்கவில்லை, அழைக்க ஒரு ஆள் படி ஏறவில்லை. அதை நான் யோசிக்கவில்லை. பாகம் வாங்கி அவன் யாருக்குக் கொடுப்பான், எப்படி எழுதினாலும் உனக்குத்தானே வரும் என்பதையும் யோசிக்கவில்லை. சுற்றி வளைத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது. வயர் பாதி, உன் சிரிப்பு பாதி. வாசலுக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருவரும் ஒரு குடும்பமாகவும், இந்தப் பக்கம் நான் ஒருத்தனாகவும் ஏற்கெனவே பிரிந்து கிடக்கிறோம், அதற்கு ஒரு கம்பி வேறா என்று எனக்குப் பட்டது.

அந்த மத்தியானம் நான் ரேஷன் கடைக்குக் கிட் வாங்கப் போயிருந்தேன். பயறும் சர்க்கரையும் எண்ணெயும் போட்டுத் துணிப்பையில் கொடுத்தார்களே, அது. வரிசையில் தள்ளித் தள்ளி நிற்க வைத்ததில் நேரமாகும் என்று நினைத்துத்தான் நீங்கள் தொடங்கியிருப்பீர்கள். வெயில் தாங்காமல் நான் குறுக்கு வழியில் வந்துவிட்டேன். படி ஏறுவதற்கு முன்னாலேயே பார்த்தேன். சிவப்பும் கறுப்புமாக முறுக்கின வயர் மீட்டர் பெட்டியிலிருந்து புறப்பட்டு, துணி காயப்போடுகிற கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, வாசலுக்கு மேலாகத் தொங்கி, சித்தப்பன் அறை ஜன்னலுக்குள் போயிருந்தது. தெருவில் போகிற எவனுக்கும் தெரிகிற மாதிரி. கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. அறையிலிருந்து வேறு ஏதோ சத்தமும் வந்திருக்க வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது கேட்கவில்லை. கோபம் வந்தால் என் காதில் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்கும். பையைக் கூடக் கீழே வைக்காமல், எட்டி மெயினை இறக்கினேன். வீடு மொத்தமும் பட்டென்று அடங்கியது.

சுல்தான்தான் முதலில் வெளியே வந்தான். "அண்ணா, சும்மா வித்தியாசம் தெரியுதான்னு வெச்சுப் பார்த்ததுங். பையன் மேல கோவிக்காதீங்க, இப்பவே சுருட்டிர்றனுங்" என்றான். அவனுக்குப் பின்னால் நீ. உனக்குப் பின்னால், கையெல்லாம் மாவோடு உன் அம்மா. நான் உங்களைப் பார்த்துப் பேசவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன். "பாகம் வேணும்னா வாயத் தொறந்து கேக்கோணும். நான் ஊட்ல இல்லாதப்போ கம்பி இழுத்துக் கேக்க வேண்டாம்" என்றேன். நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய், உன் அம்மா உன் கையைப் பிடித்தாள், உன் சட்டையில் மாவு ஒட்டியது. உள்ளேயிருந்து சித்தப்பன் என்ன சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன். அவன் திருப்பிச் சண்டை போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவன் குரல் வந்தது. "அண்ணா, ஃபேனை மட்டும் போட்டுடச் சொல்லுங்க. வேர்க்குது" என்றான். அவ்வளவுதான். அந்த வயரைப் பற்றியோ பாகத்தைப் பற்றியோ அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு எல்லாம் பேசினான். மோட்டர் தண்ணியில்லாமல் ஓடுகிறது என்பதைக் கூடச் சொன்னான்.

தடுப்பை எடுத்தவுடன் நீ கிளம்பிப் போனாய். செட்டு இங்கேயே இருந்தது. சித்தப்பன் அதைப் போடச் சொல்லவே இல்லை. தூசி விழுகிறது, ஒரு துணியைப் போட்டு மூடுங்க அண்ணி என்றானாம். கார்த்திகையில், விளக்கு வைத்த வாரத்தில், அவன் போனான். நீ வந்து கொள்ளி வைத்தாய், மகனுக்கு மகனாக. என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. அது முதல் நீ வருவதும் அப்படித்தான். அம்மாவைப் பார்க்க வருவாய், சாப்பிடுவாய், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பாய். அம்மா காரியத்துக்கு வந்தபோதும் வாசலுக்கு அக்கட்டாலே ஓர் அடி நீ எடுத்து வைக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

உன் அம்மா அந்த மத்தியானத்தைப் பற்றி எனக்குச் சொன்னது, அவள் படுக்கையில் விழுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால். நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். அவளாகவே ஆரம்பித்தாள். "ஏனுங்க, அன்னிக்கு அங்க என்னதான் நடந்துதுன்னு நீங்க ஒருநாளும் கேக்கலியே" என்றாள். சொல்லு என்றேன். "நம்ம பையன் வந்து, அம்மா வேணும்னே கிரைண்டரைப் போடுங்க, பிரிட்ஜைத் தொறந்து தொறந்து மூடுங்க, அப்பறம் வந்து கேளுங்கன்னான். போட்டுட்டுப் போய் நின்னனுங்க. வண்டு இல்லீங்க. டொப்புனு அடிக்கறது இல்லீங்க. ஒருத்தன் கொழல் ஊதறான். அவன் மூச்சு இழுக்கறது கேக்குது. உங்க தம்பி அதைக் கேட்டுப்போட்டு, அண்ணி, இவனுக்கு மூக்கடைச்சுக் கெடக்குது, சுக்குக் கசாயம் வெச்சுக் குடுங்கன்னாரு. எல்லாரும் சிரிச்சம். சுல்தான் பொரை ஏறற அளவுக்குச் சிரிச்சான். அப்பறம் உங்க தம்பி கண்ணை மூடிட்டுக் கெடந்தாரு, ஓரத்துல தண்ணி வந்துது. தொடைக்கலாம்னா எங்கையில மாவு. அப்பத்தான் எல்லாம் நின்னுபோச்சுங்க" என்றாள். என்ன பாட்டு என்று கேட்டேன். "அது எனக்கென்னங் தெரியும், கொழல். பாட்டு முடியலியே" என்றாள். பிறகு கடலைத் தோலை ஊதிவிட்டு, "நீங்க ஒரு நாழி தள்ளி வந்திருக்கலாமுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கூட்டமான பஸ்ஸைத் தவறவிட்டவனிடம் சொல்வது மாதிரிச் சொன்னாள். அது என் மனசை விட்டு இன்னும் போகவில்லை.

அவள் காரியம் முடிந்து, நீ கோயமுத்தூருக்குப் போனபின், நான் ஜமீலாவைக் கூப்பிட்டனுப்பினேன். சுல்தான் போனபிறகு அவன் பையையும் ஏணியையும் எடுத்துக்கொண்டது இவள்தான், ஐடிஐயில் படித்து வயர்மேன் லைசென்சும் வாங்கிவிட்டாள். சித்தப்பன் அறைக்கு ஒரு தனி லைன் வேணும் என்றேன். "இப்ப யாருக்குங் பெரியப்பா" என்றாள். என் பையனுக்கு என்றேன். மீட்டர் பெட்டியிலிருந்து நல்ல கனமான செம்புக் கம்பி, அதற்கென்று தனி சுவிட்ச், சுவர் ஓரமாகக் குழாய்க்குள் விட்டு அறை வரைக்கும் கொண்டுபோனாள். வேறு எதையும் அதில் மாட்டக் கூடாது என்று அறையில் ஒரே ஒரு பிளக்தான் வைத்திருக்கிறாள். அறைக்குப் பின்னால் குழி எடுத்துக் கரியும் உப்பும் போட்டு எர்த் அடித்தாள். வீட்டு எர்த்தையும் அதையும் சேர்த்துக் கட்டித்தான் ஆக வேண்டும், தனித்தனியாக விட்டால் ஆபத்து என்று அதற்கும் ஒரு கம்பி இழுத்தாள். வேலை முடிந்து கை கழுவும்போது சொன்னாள். "அப்பா சொல்வாருங், லைன் பாட்டை இனிக்க வெக்காது. பாட்டு மேல ஒக்காந்திருக்கற ஈயை ஓட்டும், அவ்வளவுதான். அதுக்கு மேல இனிக்குதுன்னா அது காசு குடுத்தவன் காதுன்னு." சுல்தான் பேசுவது போலவே இருந்தது. நம் மண் கோடையில் காய்ந்தால் எர்த்தும் செத்துப்போகும், தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் சொன்னாள். சாயங்காலம் கருவேப்பிலைக்கு ஊற்றும்போது அந்தக் குழிக்கும் ஒரு குடம் ஊற்றுகிறேன். பார்க்கிறவர்கள் அங்கே என்ன வைத்திருக்கிறீர்கள், முளைக்கவே இல்லையே என்கிறார்கள்.

போன மாசம் ஒறம்பரை ஒருத்தர் கல்யாணத்துக்கு அழைக்க வந்தார். மீட்டர் பெட்டியில் இரண்டாவது குழாயைப் பார்த்துவிட்டுத்தான் படி ஏறினார். தட்டை எடுத்தவர் கொஞ்சம் தயங்கி, "ஏனுங், பாகம் ஆயிருச்சுங்களா" என்று கேட்டார். "ஆச்சுங்க. இருக்கறது நானொருத்தன், எங்கூட நானே பிரிஞ்சுக்கிட்டேன்" என்றேன். அவருக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. எத்தனை வருஷம் எந்தக் கேள்விக்குப் பயந்தேனோ, அந்தக் கேள்வி இவ்வளவுதான். பதில் சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பினேன்.

நீ கடல் தாண்டிப் போகிறாய். நாளைக்கு உனக்கென்று ஒரு குடும்பம் வரும். அதில் யாராவது ஒரு இரைச்சல் தொந்தரவு பண்ணுகிறது என்று சொன்னால், உனக்குக் கேட்கவில்லை என்பதற்காக, அது இல்லை என்று சொல்லிவிடாதே. அவர்கள் இருக்கிற இடத்தில் போய் ஒரு நாழி உட்கார். உட்கார்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல், அது வேறு. நான் நிலைப்படியைத் தாண்டாமலே சொன்னவன். வீடு இரண்டாகக் கூடாது என்று காவல் நின்றேன். வீடு இரண்டாகவில்லை, முழுசாக இருக்கிறது, உள்ளே ஆள்தான் இல்லை. இதை உனக்குப் புத்தி சொல்லக் கூடச் சொல்லவில்லை. வேறு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் சொல்கிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். துபாய் போவதற்கு முன்னால் ஒரு நாள் வா. துணியை எடுத்துச் செட்டைத் துடைத்து வைத்திருக்கிறேன், ஆனால் போடவில்லை. போட்டுப் பார்க்கட்டுங்களா என்று ஜமீலா கேட்டாள், வேண்டாம் என்றேன். அந்த லைனில் முதலில் ஓட வேண்டியது அன்றைக்குப் பாதியில் நின்ற பாட்டு. அது எது என்று எனக்குத் தெரியாது, இவளுக்கும் தெரியாது. கேட்க ஆளும் இல்லை. அந்த மத்தியானம் அறைக்குள் இருந்து கேட்டவர்களில் உன் சித்தப்பன் அந்தக் கார்த்திகையிலேயே போனான். சுல்தான் மறு வருஷம், இவள் ஐடிஐ முடிப்பதற்குள் போனான். உன் அம்மா இந்த மாசியில் போனாள். நான் வாசலில் கிட் பையோடு நின்றவன், கேட்டவர் கணக்கில் நான் சேர மாட்டேன். மூக்கடைத்தவன் ஊதின அந்தக் குழல் எப்படி இருந்தது, நான் நிறுத்தினபிறகு அது எங்கே போயிருக்கும் என்று தெரிந்தவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பது நீ ஒருத்தன்தான், சரவணா.